ஒத்த ஆளு டிரெய்லர்

வாங்க சார், வாங்க. நீங்கதான போன்ல பேசுனது? ஷூவைக் கழத்திருங்க. மணல் உள்ள ஏறிச்சுன்னா வீடு போய்ச் சேருற வரைக்கும் நறநறன்னு இருக்கும். இந்தா நிக்குல்லா, இதுதான் டிரெய்லர். மேல இருக்கது என் வள்ளம். அது விலைக்கில்ல. டிரெய்லர் மட்டுந்தான்.

சுத்தி வந்து பாருங்க. நல்லா குனிஞ்சு பாருங்க. ஒரு பழுதும் கிடையாது. காயல் ஓரத்துல ரிசார்ட் வச்சிருக்கேன், சின்ன போட்டு ஒண்ணு இருக்கு, வேலைக்கு ஆளு நிக்க மாட்டேங்கான், ஒத்த ஆளா இறக்கி ஏத்த முடியுமான்னுதான கேட்டிய? முடியும் சார். நான் இறக்கியிருக்கேன், ஏத்தியிருக்கேன். ஒரு சீசன் பூரா என் வள்ளத்துல வேற ஒருத்தன் கை படல. இந்த ஊர்ல யார்ட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. கேட்டா சிரிப்பானுவ. சிரிச்சிட்டுப் போட்டும். ஆனா இல்லன்னு சொல்ல மாட்டானுவ.

பிறகு எதுக்கு விக்கியன்னு கேக்கிய. அது நியாயமான கேள்வி. உக்காருங்க, சொல்லுதேன். அந்தப் பெட்டி மேல உக்காருங்க, காஞ்சுதான் இருக்கு.

எங்க கரையில ஒரு வழக்கம் உண்டு. ஒரு வள்ளம் கரைக்கு வந்துச்சுன்னா அந்த நேரத்துல யாரு நிக்கானோ அவன் வந்து கை போடணும். சொந்தக்காரனா, சண்டைக்காரனான்னு பார்வை கிடையாது. பல்லு விளக்கிட்டு நிப்பான், பிரஷ்ஷை வாயில கவ்விக்கிட்டே வந்து தள்ளுவான். வள்ளம் மேல ஏறுன பிறகு கை போட்டவன் குனிஞ்சு ஒரு மீனை எடுத்துக்கிட்டுப் போவான். கேக்கவும் மாட்டான், குடுக்கவும் வேண்டாம். அவன் எடுப்பான், நாம வேற பக்கம் பாப்போம். அவன் என்ன எடுத்தான்னு பாக்கது மரியாதை இல்ல.

நான் பாத்துட்டேன்.

எம் மச்சினன் இஞ்ஞாசி. என் பொண்டாட்டி ரோணிக்கத்துக்கு நேர் இளையவன். அவனும் வள்ளக்காரந்தான். அன்னிக்கு அவன் ஒரு கையில போனைக் காதுல வச்சு யார்ட்டயோ பேசிக்கிட்டே வாரான். மத்தக் கையை என் வள்ளத்துல வைக்கான். வைக்கான்னுதான் சொல்லுதேன், தள்ளுனான்னு சொல்லல. வள்ளம் ஏறிட்டு. அவன் போனை விடாமலே குனிஞ்சான். இருந்ததுலயே பெரிய சீலா. தொடை தண்டிக்கு இருந்துச்சு சார். வாலைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போறான்.

என்னைச் சொல்லக் கூடாது. வேற யாருன்னாலும் அதான் கேட்டிருப்பாவ. நான் கேட்டேன், "ஏல, ஒத்தக் கைக்கு எதுக்குல முழு மீனு?"

தமாசுக்குத்தான் கேட்டேன். கொஞ்சம் சத்தமா கேட்டிருப்பேன். கரையில நின்னவன்லாம் திரும்பிப் பாத்தான். இஞ்ஞாசி போனைப் பையில வச்சான். சீலாவைக் கொண்டாந்து திருப்பி வள்ளத்துல வச்சான். மெதுவா வச்சான், பச்சப்பிள்ளையைக் கிடத்துத மாதிரி. அவன் அப்படி வச்சது எனக்கு இன்னும் கடுப்பாயிட்டு.

மறுநாள் நான் கரைக்கு வாரேன். வர மாட்டானுவன்னு நெனச்சேன். எல்லாவனும் வந்தானுவ. கூடுதலாத்தான் வந்தானுவ. வந்து வள்ளத்தைச் சுத்தி நின்னு, ஆளுக்கு ஒத்தக் கை வச்சானுவ. மத்தக் கையை இடுப்புல. போன் வச்சிருக்கவன் போனைக் காதுல, போன் இல்லாதவன் சும்மா உள்ளங்கையைக் காதுல. இஞ்ஞாசி எதுத்தாப்புல நின்னு, "எங்களுக்கு அரை மீன் போதும் அத்தான்"ங்கான். பொம்பளையள்லாம் சிரிக்காவ. ரோணிக்கமும் சிரிக்கா, அதான் எனக்குப் பொறுக்கல. வள்ளம் நின்ன இடத்துல நிக்கு. அலை பின்னால வந்து அடிச்சு உள்ள தண்ணி ஏறுது.

அப்பத்தான் நான் சொன்னேன். எங்க கெபி மாதா, கல்லுக் குகை மாதிரி கட்டுன இடத்துல கரையைப் பாத்து நிக்கா, நீங்க வரும்போது பாத்திருப்பிய. அவ பக்கம் திரும்பிக் கையை நீட்டிச் சொன்னேன். "இனிமே ஒருத்தன் கையும் என் வள்ளத்துல படக் கூடாது. பட்டுச்சுன்னா வள்ளம் அந்தக் கைக்காரனுக்கு. மாதா சாட்சி."

சொன்ன உடனே எல்லாவனும் கையை எடுத்துட்டானுவ சார். அடுப்புல வச்ச கையை எடுக்க மாதிரி எடுத்தானுவ. அந்த ஒத்தக் கையும் போச்சு. அன்னிக்கு நானும் ரோணிக்கமும் வள்ளத்தை எப்படி மேல ஏத்துனோம்னு கேக்காதிய. அவளையும் வள்ளத்தைத் தொட விடல. கயித்தை மட்டும் பிடிச்சு இழுன்னுட்டேன். கயிறு வள்ளம் இல்லலா. அவ இழுத்துக்கிட்டே, "முதல்ல ஒங்க நாக்கைக் கட்ட ஒரு கயிறு வாங்குங்க"ங்கா.

எனக்குத் தூண்டித் தொழில் சார். சின்ன வள்ளம், ஒத்த ஆளாப் போவேன், வருவேன். கடலுக்குள்ள எனக்கு ஆளு வேண்டாம். கரையிலதான் ஆளு வேணும். வள்ளம் கரையில கிடக்கு. சீசன் தொடங்கிட்டு. மத்தவன்லாம் போய்ட்டு வாரான், சீலா, பாறை, விளமீனுன்னு கொண்டாந்து கொட்டுதான். நான் சட்டையை மாட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போறேன், வாரேன். இப்படியே கிடந்தா எஞ்சின் துருப்பிடிக்கும், அதுக்கு முன்ன நான் துருப்பிடிச்சிருவேன். சத்தியத்தை மாத்திக்கலாம்னு ரோணிக்கம் சொன்னா. மாதாவுக்கு முன்னால சொன்னதை எப்படி மாத்த? மனுசன்ட்ட சொன்னதுன்னா மாத்தலாம்.

அப்பத்தான் எம் மவன் தோகாவுல இருந்து ஒரு வீடியோ அனுப்புனான். வெள்ளைக்காரன் ஒருத்தன். கிழவன். காருக்குப் பின்னால டிரெய்லரு, அதுல போட்டு. காரைப் பின்னால எடுத்துத் தண்ணிக்குள்ள விடுதான், போட்டு தானா மிதக்கு, அவன் ஏறிப் போறான். வாரான், ஒரு கைப்பிடியைக் கிர்ரு கிர்ருன்னு சுத்துதான், போட்டு தானா ஏறி உக்காருது. கூட ஒரு நாய் நிக்கு. அதுவும் கை போடல. நான் அந்த வீடியோவை அன்னிக்கு எத்தனை தடவை பாத்தேன்னு எனக்கே தெரியாது. அந்தக் கிழவனுக்கும் ஒரு மச்சினன் இருந்திருப்பான்னு நெனச்சுக்கிட்டேன்.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு பட்டறை இருக்கு. நேரப் போயிட்டேன். பட்டறைக்காரரு நல்ல மனுசன். உக்கார வச்சு ரெண்டு வகை காட்டுனாரு. ஒண்ணு பலகை வச்சது. நீளமா ரெண்டு பலகை, மேல கம்பளம் சுத்தி, அதுல வள்ளம் உக்காரும். அது நின்னா நின்ன இடம். ஆனா இறக்கணும்னா டிரெய்லரை நல்ல ஆழத்துக்கு விடணும், வள்ளம் மிதந்தாத்தான் எழும்பும். இன்னொண்ணு உருளை வச்சது. வரிசையா ரப்பர் உருளை. கொஞ்சம் தண்ணி போதும், லேசாத் தள்ளுனா வள்ளம் வழுக்கிக்கிட்டுப் போயிரும். "ஒத்த ஆளுன்னா உருளைதான் அண்ணாச்சி. ஒத்த விரலாலே தள்ளலாம்"ன்னாரு.

ஒத்த விரலு. எனக்கு அது போதும். ஒத்தக் கை போட்டானுவல்லா, நான் ஒத்த விரலால தள்ளிக் காட்டுதேன். உருளையே குடுங்கன்னுட்டேன்.

பிறகு அவரு ரெண்டு பக்கமும் நட்டமா கம்பு வைக்கச் சொன்னாரு. இந்தா இருக்குல்லா, இதுதான். இது ரொம்ப முக்கியம் சார், குறிச்சுக்கிடுங்க. ஒத்த ஆளா வரும்போது காத்து வள்ளத்தை ஒரு பக்கமாத் தள்ளும். அந்தப் பக்கம் நின்னு பிடிக்க ஆளு கிடையாது. அப்ப இந்தக் கம்புதான் ஆளு. வள்ளம் இதுல முட்டி நேராப் போயி உக்காரும். வின்ச்சு பாருங்க, அந்தக் கிழவன் சுத்துனானே அதுதான், வார் போட்டது. இரும்புக் கயிறு வேண்டாம்னாரு, உப்புத்தண்ணியில பிசிறு விட்டுக் கையைக் கிழிச்சிரும். சக்கரத்துக்குள்ள கிரீஸ், அது மாசாமாசம். எல்லாம் நல்லாத்தான் சொன்னாரு. கடைசியில, "இறக்குத இடம் எப்படி அண்ணாச்சி, சிமெண்டுச் சரிவா, மணலா?"ன்னாரு. எனக்குக் கோவம் வந்துட்டு. "தரையைப் பத்தி ஏன் கேக்கிய, ஆளைப் பத்திக் கேளுங்க, ஒத்த ஆளு"ன்னேன். அவரு பேசாம இந்த டயரைப் போட்டுக் குடுத்தாரு. பாக்க அழகா இருக்குல்லா? கொஞ்சம் ஒல்லி. உங்களுக்குச் சிமெண்டுதான? அப்ப பிரச்சினையே இல்ல.

டிரெய்லரை இழுக்க வண்டி வேணும்லா. செல்வின்னு ஒருத்தன், குட்டியானை வச்சிருக்கான். தினமும் காலையில வந்து இழுத்துக் குடுப்பான், நான் திரும்பி வரும்போது போன் பண்ணுனா வந்து நிப்பான். நீங்க சிரிக்கிய. டிரைவரு கணக்குல வர மாட்டான் சார். அவன் ஸ்டீயரிங்கைப் பிடிக்கான், வள்ளத்தைப் பிடிக்கல. ரோணிக்கம் கயித்தைப் பிடிக்கா. அவளும் கணக்குல கிடையாது, அவ வீட்டு ஆளு. மத்தபடி ஒத்த ஆளுதான்.

முதல் நாளு கரையே திரண்டு நின்னுச்சு. நான் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு நிக்கேன். செல்வின் பின்னால எடுக்கான். இன்னும் தண்ணி வரல. தண்ணி வந்த பிறகுதான் வார் கொக்கியைக் கழட்டணும், பட்டறைக்காரரு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாரு. ஆனா அம்புட்டுப் பேரு பாக்காவ. சும்மா நிக்கது எப்படியோ இருந்துச்சு. கொக்கியைக் கழட்டி, எல்லாரையும் ஒரு பார்வை பாத்து, ஒத்த விரலை வச்சேன்.

உருளைன்னா உருளைதான் சார். பட்டறைக்காரரு பொய் சொல்லல. வள்ளம் சர்ருன்னு வழுக்கி, காஞ்ச மணல்ல போயிக் குத்தி நின்னுட்டு. தண்ணிக்கும் அதுக்கும் நடுவுல ஒரு கிரிக்கெட்டு ஆடலாம். ஒருத்தன் சிரிக்கல. அதான் பயமா இருந்துச்சு. இஞ்ஞாசி வந்து என் பக்கத்துல நின்னு, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு, "அத்தான், ஒரு வார்த்தை சொல்லுங்க, கை போடுதோம்"ன்னான். நான், "தொட்டிராத. தொட்டா வள்ளம் உனக்கு. அதுக்குத்தான அலையுத?"ன்னேன். அவன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு, போயிட்டான். வின்ச்சைச் சுத்திச் சுத்தி உச்சி வெயிலு வரைக்கும் ஏத்துனேன். வேட்டி போன இடம் தெரியல.

பிறகு பழகிட்டு. ஒல்லி டயரு மணல்ல புதையும்னு மூணாம் மனுசன்லாம் சொன்னான். புதையவே இல்ல சார். அதுக்கும் ஒரு காரணம் இருக்கு, சொல்லுதேன். இங்க உள்ள பயலுவளுக்கு ஒழுங்கு கிடையாது. பழைய பலகை, உடைஞ்ச கட்டுமரத்துத் துண்டு, எல்லாத்தையும் கரையில போட்டுட்டுப் போயிருவானுவ. விடியக்காலம் நான் வந்து பாத்தா என் வண்டி போற பாதையிலதான் கிடக்கும். வரிசையாக் கிடக்கும். டயரு அது மேலயே ஏறிப் போயிரும். எனக்கு நல்ல நேரம்னு வையுங்க. ஆனா குப்பை குப்பைதான? பங்குச் சாமியார்ட்ட போயிப் புகார் சொன்னேன். பாதர் என்னை ரொம்ப நேரம் பாத்துட்டு, "எல்லாத்தையும் எடுக்கச் சொல்லட்டுமா கஸ்பார்?"ன்னாரு. நான், "எடுக்கண்டாம் பாதர், கிடக்கட்டும். சும்மா கண்டிச்சா போதும்"ன்னேன். அவரு இருமுனாரு. பாதருக்குச் சளி.

தொழில் நல்லா நடந்துச்சு. ஒரு மீனு வெளிய போவல. பிடிச்ச மீனு பிடிச்ச மாதிரி ஏலத்துக்குப் போச்சு. ஆனா பாருங்க, நான் கரைக்கு வந்து இறங்குனா ஒருத்தன், "என்ன பட்டுச்சு?"ன்னு கேக்க மாட்டான். அவனுவ கேக்க வேண்டாம்னுதான நான் டிரெய்லரு வாங்குனது? ஆனா கேக்கலைன்னா எப்படியோ இருக்கு. ஒரு நாளு சட்டியளவு வாய் உள்ள ஒரு களவா மீனு பட்டுச்சு, என் இடுப்பு உயரம். அதைத் தூக்கிக்கிட்டு வேணும்னே கரை நெடுக நடந்தேன். எல்லாவனும் வேற பக்கம் பாக்கான். மரியாதையாம். வீட்டுக்கு வந்து ரோணிக்கத்துக்கிட்ட, "பாத்தியா, எம்மாம் பெருசு"ன்னேன். "வெட்டித் தாங்க, கொழம்பு வைக்கணும்"ன்னா. அவ்வளவுதான்.

இப்ப போன வாரத்துக்கு வாரேன். அன்னிக்குக் கடலு சரியில்ல. காலையில நல்லாத்தான் இருந்துச்சு, திரும்பும்போது காத்து மாறிட்டு. கரையில அலை ஆள் உயரத்துக்கு எழும்பி உடையுது. வள்ளம் நிறைய சீலா. நல்ல பாரம். செல்வின் டிரெய்லரைத் தண்ணிக்குள்ள விட்டு நிக்கான், மூஞ்சி வெளிறிப் போயி. அந்த வெள்ளைக்காரக் கிழவன் வீடியோவுல அலையே கிடையாது சார். அது ஏரி. நான் அதை அன்னிக்குத்தான் கவனிச்சேன்.

ஒரு அலை வள்ளத்தைத் தூக்கி உருளை மேல பாதி வச்சுது. நான் குதிச்சு வாரை மாட்டி ரெண்டு சுத்து சுத்துனேன். அடுத்த அலை டிரெய்லரையே தூக்கிட்டு. ஒரு கம்பு வளைஞ்சுது, இந்தா வளைஞ்சிருக்குல்லா, தட்டி நிமித்துனா சரியாயிரும். வள்ளம் குறுக்க திரும்பிச் சாய்ஞ்சு நிக்கு. எஞ்சின் தண்ணிக்குள்ள. ஒரு பக்கச் சக்கரம் ஈர மணல்ல அச்சு வரைக்கும் இறங்கிட்டு. குட்டியானை முன்னால போவாம பின்னால வருது. செல்வின், "அண்ணாச்சி, கொக்கியை விட்டிருங்க, இல்லன்னா வண்டி போயிரும்"ன்னு கத்துதான். விட்டா வள்ளம் கவிழும், என் எஞ்சின், என் தொழில், எல்லாம் அந்த அலையோட போயிரும். விடாட்டா அவன் வண்டி போயிரும். அவனும் பிள்ளகுட்டிக்காரன். ரோணிக்கம் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு இடுப்பளவு தண்ணியில நிக்கா. அவ அழுதா சார். நான் கொக்கியில கையை வச்சிட்டேன்.

அப்ப மேல இருந்து ஓடி வாரானுவ. ஊரே ஓடி வருது. முன்னால இஞ்ஞாசி. வந்த வேகத்துல எல்லாவனும் கையை நீட்டுதானுவ. இஞ்ஞாசி தொண்டை கிழியக் கத்துதான், "ஏல, கை வைக்காதிய. கை வச்சா அத்தானுக்கு வள்ளம் போயிரும். திரும்புங்கல, முதுகைக் குடுங்க."

திரும்பிட்டானுவ சார். அத்தனை பேரும் கடலைப் பாத்துத் திரும்பி, குனிஞ்சு, முதுகை வள்ளத்துல குடுத்து, ரெண்டு கையையும் வானத்தைப் பாத்துத் தூக்கிட்டானுவ. பூசையில பாதர் தூக்குத மாதிரி. ஒருத்தன் தலையால முட்டுதான். ஒருத்தன் புட்டத்தை வச்சுத் தள்ளுதான். இஞ்ஞாசி டிரெய்லருக்கு அடியில படுத்து, காலை அச்சுல குடுத்து, சக்கரத்தை எழுப்புதான். அலை வந்து மூஞ்சியில அடிக்கு, கையைக் கீழ இறக்கலியே ஒருத்தனும். வள்ளம் நேராயி, உருளையில ஏறி, வின்ச்சு இழுத்து, வண்டி முன்னால போயி, எல்லாம் மேல வந்துட்டு.

ஒத்தக் கை படல. மாதா பாத்துக்கிட்டுத்தான் நின்னா, அவளைக் கேளுங்க. நான் ஒத்த ஆளாத்தான் ஏத்துனேன்.

மேல வந்து நிக்கோம். எல்லாருக்கும் மூச்சு வாங்குது. வள்ளம் நிறைய சீலா. நான் கரை வழக்கப்படி வேற பக்கம் பாத்தேன். எடுக்கட்டும்னு பாத்தேன். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னேன். பின்ன திரும்பிப் பாத்தா ஒருத்தனும் இல்ல. முதுகுல மணலோட எல்லாவனும் அவனவன் வீட்டுக்குப் போறான். நான் இஞ்ஞாசியைக் கூப்பிட்டு, "மீனுல"ன்னேன். அவன் நின்னு, "கை போடலியே அத்தான். கை போட்டாத்தான மீனு"ன்னான். கிண்டலாச் சொல்லல சார். கிண்டலாச் சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன். நியாயமாச் சொன்னான். அவன் காலு தேய்ஞ்சு ரத்தம் வருது, நொண்டிக்கிட்டுப் போறான்.

அம்புட்டு மீனையும் ஏலத்துல விட்டேன். நல்ல விலை. வீட்டுக்கு வந்தா சோறு இறங்கல எனக்கு. மறுநாள் காலையில மவனுக்குப் போன் போட்டு, இந்த டிரெய்லரை விக்கதுக்கு போன்ல எப்படிப் போடணுமோ அப்படிப் போடுலன்னு சொன்னேன். நீங்கதான் முதல்ல கூப்பிட்டிய.

உங்களுக்கு இது நல்லா இருக்கும் சார். காயல்ல அலை கிடையாது, சிமெண்டுச் சரிவு இருக்கு, போட்டும் சின்னது. கூட ஒரு நாய் வச்சுக்கிட்டியன்னா இன்னும் நல்லா இருக்கும்.

பிடிச்சிருக்கா? அப்ப சரி. உங்க காருல கொக்கி இருக்குல்லா. ஆனா முதல்ல வள்ளத்தை இதுல இருந்து இறக்கணும். நில்லுங்க, நில்லுங்க, கையை எடுங்க. தொட்டுட்டியளா? இல்லல்லா. நல்ல வேளை. தொட்டிருந்தா வள்ளத்தையும் சேத்து நீங்க கொண்டு போயிருக்கணும்.

கரையில மணல் மேல இறக்கணும்னா ஆளு வேணும். பத்துப் பேராவது வேணும். ஏ ரோணிக்கம், உன் தம்பியைக் கூப்பிடு. கேட்டியளா, என்ன சொல்லுதா? "ஒங்க வாயாலதான போச்சு, ஒங்க வாயாலயே கூப்பிடுங்க"ன்னுட்டு உள்ள போறா.

சரி. ஒரு நிமிசம் இருங்க சார்.

ஏ இஞ்ஞாசி. ஏல இஞ்ஞாசி. இங்க வா, வந்து வள்ளத்துல ஒரு கை போடு.

வாரான். என்ன கேக்கான் பாருங்க. ஒத்தக் கையா, ரெண்டு கையாங்கான். ரெண்டு கையுந்தாம்ல, போனை உள்ள வை. மத்தவனுவளும் எழும்பி வாரானுவ, டீயைப் பாதியில வச்சிட்டு. பிரஷ்ஷோட ஒருத்தன் வாரான் பாருங்க. அத்தனை கையும் இதுல படப் போவுது. சத்தியம் சத்தியந்தான், மாத்த மாட்டேன். வள்ளம் இனி கை போட்ட எல்லாவனுக்கும்.

கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், எனக்கும் இடம் விடுங்க. நானும் கை போடணும். போடலைன்னா எனக்குப் பங்கு இல்லாமப் போயிரும்.